பாமன்கடைக் குசினிக்கு ஒரு பைப்

தண்ணீர் வராத பைப்புகளை விற்பதுதான் என் தொழில். வெள்ளவத்தையில் காலி வீதியோரம், கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட கடை. சுவர் முழுக்கப் பைப்புகள் பளபளவென்று வரிசையாக நிற்கும். ஒன்றிலும் ஒரு சொட்டு வராது. பலகையில் சும்மா திருகி வைத்திருக்கும் பைப்பில் எங்கிருந்து வரும்? ஆனாலும் அதைத் திருப்பிப் பார்த்து, நம்பி, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது வாடிக்கையாளரின் தலைவிதி. நம்பவைக்க வேண்டியது என் தலைவிதி.

குசினி கட்டியவர்கள், திருத்தியவர்கள், கட்டித் திருத்துகிறவரோடு குடித்தனம் நடத்தியவர்கள் எல்லோரும் எனக்குக் கூட்டாளிகள்தான். நல்ல பைப் ஒன்றை எங்கே வாங்குவது என்று தெரியாமல் நீங்களும் வெயிலில் அலைந்திருப்பீர்கள். காலி வீதியா, பழைய சோனகத் தெருவா, போனில் ஓர்டர் பண்ணுவதா, வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லிவிடுவதா என்று வீட்டுக்குள் சண்டையும் பிடித்திருப்பீர்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் பட்ட பாட்டை இந்தப் பக்கம் நின்று நானும் பட்டிருக்கிறேன். ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்கட்டும் என்று சிலதைச் சொல்கிறேன்.

ஆம்பிளை ஆள் இல்லையோ?

என் பெயர் சாந்தி. கொட்டாஞ்சேனைக்காரி. இன்றைக்கும் அங்கிருந்துதான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வருகிறேன். கடையில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சேட், சட்டைப் பையில் இரண்டு பேனை. குசினிக்கு உறுதியான பைப் வேண்டும் என்றார். நான் விளக்கத் தொடங்கினேன். அவர் என் தோளுக்கு மேலால் கடையை ஒருமுறை நோட்டம் விட்டார். “பிள்ளை, கடையில ஆம்பிளை ஆள் ஒருத்தரும் இல்லையோ?” என்று கேட்டார்.

இருந்தார். நிசாம் நானா. கதவுப் பூட்டு, பிணைச்சல் பக்கம் நிற்கிறவர். நரைத்த தாடியோடு பார்க்க எல்லாம் தெரிந்தவர் மாதிரித்தான் இருப்பார். பெரியவர் அவரிடம், உள்ளே இருப்பது றப்பர் வாஷரா, செரமிக்கா என்று கேட்டார். நானா என் பக்கம் திரும்பி, “சாந்தி, றப்பரா செரமிக்கா?” என்றார். “செரமிக்” என்றேன். நானா அவர் பக்கம் திரும்பி, “செரமிக்” என்றார். இப்படியே வொரன்டி எத்தனை வருஷம், உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்குமா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்று முழு வியாபாரமும் நடந்தது. மூன்று பேரும் ஒரே மேசையைச் சுற்றித்தான் நின்றோம். மூன்று பேரும் பேசியது ஒரே தமிழ்தான்.

பெரியவர் திருப்தியாகப் பைப்பை வாங்கிக்கொண்டு, நானாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். நானா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “நல்லா வெளங்கப்படுத்தினீங்க எண்டு செல்லிட்டுப் போறார் புள்ள. பைப்ப எந்தப் பக்கம் திருப்பினாத் தண்ணி வரும் எண்டே எனக்குச் சரியாத் தெரியா.”

பானையோடு வந்தவர்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். பைப்பைத் திறந்ததும் ஒரு கை தானாக அதன் கீழே போய்விடும். தண்ணீர் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் போய்விடும். டொக்டரும் நீட்டுவார், எஞ்சினியரும் நீட்டுவார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நனையாத கையைக் கால்சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ துடைத்துக்கொள்வார்கள். அதைப் பார்க்கும்போது மனிதர்கள்மேல் எனக்கு ஒரு பாசம் வரும். விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போகும்போது அது போய்விடும்.

யோகா அக்கா கையை நீட்டவில்லை. பானையை நீட்டினார். ஐம்பது தாண்டிய மெலிந்த மனுஷி. பெரிய றெக்சின் பைக்குள்ளிருந்து ஓர் அலுமினியப் பானையை எடுத்தார். அடி கறுத்து, விளிம்பு நெளிந்து, நல்லாய் உழைத்த பானை. அதை எங்கள் கண்ணாடி மாதிரியான ஷோரூம் சிங்குக்குள் வைத்து ஒவ்வொரு பைப்பையும் அதன் தலைக்கு மேலே திருப்பிப் பார்த்தார். கல்லாவில் இருந்த முதலாளியின் முகம் பானையின் அடியைவிடக் கறுத்தது. நான் துணியோடு ஓடினேன்.

அவர் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். லொட்ஜில் தங்கியிருக்கிறவர்களுக்கும் டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுப்பது அவர் பிழைப்பு. வாடகை அறைகளின் சிங்குகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. முகம் கழுவத்தான் உதவும். அதற்குள் சோற்றுப் பானையைச் சரித்துப் பிடித்துத்தான் நிரப்ப வேண்டும், அதுவும் பாதிதான் நிரம்பும். இப்போது சொந்தமாக ஒரு பிளாட் கிடைத்திருக்கிறது, அந்தக் குசினிக்குத்தான் பைப் பார்க்க வந்தேன் என்றார். எப்படிப்பட்ட பைப் வேண்டும், என்ன நிறம், என்ன மாதிரி என்று நான் அடுக்கிக்கொண்டு போனேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: “பானை நேரா நிண்டால் காணும், தங்கச்சி. சரிச்சுச் சரிச்சுப் பிடிச்சு என்ர கை ஓய்ஞ்சு போச்சு.”

கனடாவிலிருந்து ஒரு கண்

வெள்ளவத்தையில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாதி வாடிக்கையாளர்கள் போனுக்குள்தான் இருப்பார்கள். கடையில் நிற்கிறவர் பார்ப்பார், பாரிஸில் இருக்கிறவர் முடிவெடுப்பார். போனைப் பிடித்துக்கொண்டு நான் கடை முழுக்க நடந்திருக்கிறேன். லண்டனில் பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்த ஒரு பெண், பைப்பைத் திருப்பும்போது வரும் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று என்னைத் திரும்பத் திரும்பத் திருப்ப வைத்தார். கடைசியில் சத்தம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

யோகா அக்காவுக்குத் தமையன் ஒருவர். குகன் என்று பெயர். கனடாவில் ஒரு ரெஸ்டோரன்டில் வேலை. அவர் உழைத்த காசில்தான் வெள்ளவத்தைக்குப் பக்கத்தில், பாமன்கடையில் அந்தப் பிளாட் வாங்கப்பட்டது. மேல்மாடி, சின்னது, ஆனால் சொந்தம். தரைக்கும் சுவருக்கும் மாபிள் என்ன நிறம், அலுமாரிக் கதவு என்ன மாதிரி, அடுப்பு எத்தனை வாய் என்று எல்லாவற்றையும் அவரே போனில் பார்த்துத் தெரிவு செய்தார். “பைப்பை மட்டும் நீயே பார்த்து எடு” என்று தங்கைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். இதைச் சொல்லும்போது யோகா அக்காவின் முகத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் களை இருந்தது. உயரமான வளைந்த கழுத்தும் நீளப் பிடியும் கொண்ட ஒரு சாதாரணப் பைப்பை எடுத்து வைத்துவிட்டு, அண்ணாவுக்கும் ஒருமுறை காட்டுவோம் என்று போனைப் போட்டார். அங்கேதான் காரியம் பிழைத்துப்போனது.

குகன் அண்ணன் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தார். பைப்பைப் பார்த்ததும், இதில் சுடுதண்ணீர் வருமா என்று கேட்டார். கொழும்பில் குசினிகளுக்கு ஒரே ஒரு லைன்தான், பச்சைத்தண்ணீர் மட்டும்தான் என்றேன். அவர் பக்கத்தில் கறுப்பு நிறத்தில் நின்ற மிக்ஸர் பைப்பைக் காட்டச் சொன்னார். இழுத்தால் நீளும் ஸ்ப்ரே, ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர். இப்படி ஒன்றுதான் வேண்டும், சுடுதண்ணீர் இல்லாத பைப்பை என் தங்கச்சிக்கு விற்காதீர்கள் என்று ஏறக்குறைய அதட்டிவிட்டுப் போனை வைத்தார்.

யோகா அக்கா பானையைப் பைக்குள் வைத்தார். கோபப்படவில்லை. போகும்போது கதவடியில் நின்று என்னிடம் சொன்னார்: “வீடு முழுக்க அண்ணான்ர விருப்பம்தான். அதில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா இந்த ஒரு பைப்பை மட்டும் பிடிச்சுத் திருப்பேக்க, இது நான் எடுத்தது எண்டு இருக்கவேணும் போல கிடக்கு.”

பழைய சோனகத் தெருவில் இரண்டு கள்ளர்

எங்கள் கடையில் விலை கேட்டுவிட்டு, “சரி, பாத்திட்டு வாறம்” என்று சொல்கிறவர்கள் எங்கே பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பழைய சோனகத் தெருவுக்கு. கொழும்பின் ஆணி, பூட்டு, பைப் எல்லாம் அங்கேதான் பிறக்கிறது என்று ஒரு நம்பிக்கை. அது எங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம்தான். என் சொந்த வீட்டுப் பைப்பை நான் எங்கே வாங்கினேன் என்பதைத் தயவுசெய்து என் முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு லீவு நாளில், வீட்டுப் பைப்புக்கு வாஷர் ஒன்று வாங்க அந்தத் தெருவுக்குப் போனேன். லொறியில் கம்பி ஏற்றுகிறவர்கள், கைவண்டி, சிமெந்துத் தூசி, அதற்குள் ஒரு கடையில் சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் யோகா அக்கா. வெறும் மேசைமேல் பானையை வைத்து, ஒரு கையால் பைப்பை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து உயரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா, நீங்க பைப் வாங்க வந்தீங்களா, பானை விக்க வந்தீங்களா?” என்று கடைக்காரப் பையன் கேட்க, அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. என் கையில் வாஷர். அவர் கையில் பைப். இரண்டு பேரும் பிடிபட்டுப்போனோம்.

பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்தோம். எங்கள் கடையில் பார்த்த அதே பைப்தான் அங்கேயும் இருந்தது, விலையும் கொஞ்சம் குறைவு. அக்கா, இங்கேயே வாங்குங்கள் என்றேன். மனதறிந்து பொய் சொல்ல எனக்கு வராது, அதுவும் லீவு நாளில். அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, அடுத்த நாள் கடைக்கே வந்து எடுக்கிறேன், அண்ணாவையும் எப்படியாவது சம்மதிக்க வைக்கிறேன், அதுவரை எடுத்து வையுங்கோ என்றார். ஏன் அக்கா என்று கேட்டேன். “பைப்பை எங்கயும் வாங்கலாம் தங்கச்சி. அது ஒழுகேக்க போய் ஆரோட சண்டை பிடிக்கிறது எண்டுதான் யோசிக்கவேணும். உங்களோட எண்டால் எனக்குச் சண்டை பிடிக்க விருப்பம்.”

பார்சல்

எடுத்து வைத்த பைப் கவுண்டருக்குக் கீழே, அவர் பெயர் எழுதிய துண்டோடு கிடந்தது. அக்கா வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தார், பானையோடு ஒரு பெட்டியையும் சுமந்துகொண்டு. பெட்டியைச் சுற்றி அவ்வளவு டேப். குகன் அண்ணன் கப்பலில் போட்ட பார்சல். சவர்க்காரம், சொக்லேட், துவாய் எல்லாவற்றுக்கும் நடுவில், கறுப்பு மிக்ஸர் ஒன்று குழந்தை மாதிரிச் சுற்றிப் படுத்திருந்தது. நல்ல பைப். அதில் பொய் சொல்ல முடியாது. கையில் எடுத்தால் கனம் தெரியும். அதைச் சிங்குக்கு மேலே பிடித்துப் பார்த்தோம். ஸ்ப்ரே தலை கீழே தொங்கி நின்றது. அதற்குக் கீழே பானை நேராக நிற்க மாட்டேன் என்றது.

எங்கள் கடை வாசல்படியில் வழக்கமாக நிற்கும், பைப் பொருத்துகிற சுனில் பாஸை உள்ளே கூப்பிட்டேன். வெள்ளவத்தைப் பிளாட்டுகளில் பாதிக்கு அவர்தான் பைப் பூட்டியிருப்பார். சிங்களக்காரர், தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவார். மிக்ஸரின் வாலில் இரண்டு குழாய் தொங்குவதைத் தூக்கிப் பார்த்தார். மரையும் எங்கள் ஊர் மரை இல்லை, வேறு ஜொயின்ட் தேடித்தான் பூட்ட வேண்டும் என்றார். “இதுக்கு ரெண்டு லைன் வேணும் நோனா. உங்க வூட்டுல ஒண்டுதானே. நான் ரெண்டையும் ஒண்டுல சேத்து விடுறன். ஆனா இந்தப் பக்கம் திருப்பினாலும் பச்சைத்தண்ணி, அந்தப் பக்கம் திருப்பினாலும் பச்சைத்தண்ணி” என்று கையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினார்.

அண்ணனிடம் சொல்லுங்களேன் அக்கா என்றேன். வீட்டையே தந்த ஆளிடம் பைப் பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது என்றார். பால் காய்ச்சுவதற்கு அண்ணா நேரில் வரப்போகிறார், அதற்கு முன் எப்படியாவது பூட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு அவசரம். கவுண்டருக்குக் கீழே கிடந்த அவருடைய பைப்பைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். அதைத் திரும்பவும் சுவரில் வையுங்கோ என்றார். நான் அசையவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, அந்தக் கனடாக்காரர் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா பாஸிடம் திரும்பி, சமாதானமாகச் சொன்னார்: “பரவாயில்லை பாஸ், பூட்டுங்கோ. அண்ணா வந்து திருப்பிப் பாக்கேக்க ரெண்டு பக்கமும் தண்ணி வந்தால் காணும்.”

கையைப் பின்னுக்கு இழுத்தவர்

அந்தக் கனடாக்காரர் கையில் கிடைத்தார். ஜொயின்ட் கிடைக்காமல் சுனில் பாஸ் இழுத்தடித்துக்கொண்டிருந்த நாட்களில் குகன் அண்ணன் வந்து இறங்கிவிட்டார். புதுவீட்டில் பால் காய்ச்சாமல் குடியிருக்கக் கூடாது என்று லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தார். ஒருநாள் தங்கையையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பெரிய உருவம், வெள்ளவத்தை வெக்கைக்கு ஒத்துவராத தடித்த சேட். சுவரை உடைத்துச் சுடுதண்ணீர் லைன் ஒன்று இழுக்கலாமா, கீசர் எங்கே பூட்டலாம் என்று விசாரிக்கத்தான் வந்தார். புதிதாக ஒட்டிய மாபிளை உடைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் யோகா அக்காவின் முகம் வாடியது. நான் கேட்க நினைத்த நாலு வார்த்தையையும் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் பேசிக்கொண்டே, பக்கத்தில் இருந்த பைப் ஒன்றைத் திறந்தார். எல்லோரையும் போல அவருடைய கையும் தானாகக் கீழே போனது. அடுத்த நொடி, சுட்டதுபோலக் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வெறும் பைப். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எத்தனையோ பேர் அந்தப் பைப்புகளுக்குக் கீழே கை நீட்டிப் பார்த்திருக்கிறேன். இழுத்த ஆளை அன்றைக்குத்தான் கண்டேன். அப்போதுதான் அந்தக் கைகளைச் சரியாகப் பார்த்தேன். விரல்கள் தடித்து, தோல் சிவந்து, நகக்கண் எல்லாம் வெடித்திருந்தது. “என்ன அண்ணை, கூர் ஏதும் குத்திப்போட்டுதோ?” என்று கேட்டேன்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். பழக்கதோஷம் என்றார். கனடா போன நாளிலிருந்து இன்றுவரை ரெஸ்டோரன்டில் அவருக்குச் சட்டி, கோப்பை கழுவுகிற வேலைதான். போன புதிதில் வேலை செய்த இடத்தில், வெறும் பச்சைத்தண்ணீர் வரும் சிங்கில்தான் இவரை விட்டார்களாம். பனிக்காலத்தில் அந்தத் தண்ணீர் கையில் விழுந்தால் விரல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். இப்போது இருக்கும் இடத்தில் சுடுதண்ணீர் தாராளம். ஆனாலும் பைப்பைத் திறந்தால் கை முதலில் ஒருமுறை பின்னுக்குப் போய்விட்டுத்தான் வரும் என்றார். “யோகாவுக்கு ஒரு வீடு எண்டு நினைக்கேக்கையெல்லாம், சுடுதண்ணி வாற பைப்தான் எனக்கு முதல்ல கண்ணுக்குள்ள வாறது” என்று என்னிடம்தான் சொன்னார், தங்கையைப் பார்க்கவில்லை. யோகா அக்காவுக்கு அவர் ரெஸ்டோரன்டில் வேலை என்று தெரியும். சமைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் நாலு வார்த்தையும் எங்கே போயிற்றோ தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். யோகா அக்கா, அண்ணா அனுப்பினதுதான் வேண்டும், சுவரையும் உடைப்போம் என்று நின்றார். அவர் கையில் பை இருந்ததையும், பைக்குள் பானை இருந்ததையும் தமையன் அப்போதுதான் கவனித்தார். இது எதற்கு என்று கேட்டு வாங்கி, கறுப்பு மிக்ஸர் ஒன்றின் கீழே வைத்தார். பானை சரிந்தது. தூக்கிப் பிடித்தார், மணிக்கட்டு மடங்கியது. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கவுண்டருக்குக் கீழே கிடந்த பைப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பெயர் எழுதிய துண்டு இன்னும் அதில்தான் இருந்தது. அதை வாசித்தார். அதன் கழுத்தின் கீழே பானை நேராக நின்றது. இப்போது தங்கை அண்ணனின் பைப்புக்காகவும் அண்ணன் தங்கையின் பைப்புக்காகவும் வாதாடத் தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்து எனக்கு வியாபாரமே நடக்காது போலிருந்தது. கடைசியில் அவர் பானையைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “பானை சரிஞ்சால் கை என்ன பாடுபடும் எண்டு எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. நீ எடுத்ததையே பூட்டு.”

பால் காய்ச்சிய நாள்

பைப் விற்கிறவளைப் பால் காய்ச்சுவதற்குக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. அக்கா என்னையும் நிசாம் நானாவையும் கூப்பிட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்வர முதலாளி அரைமனதாக விட்டார். நாங்கள் போகும்போது பால் பொங்கி முடிந்திருந்தது. மேல்மாடி, உச்சி வெயில், லிஃப்டும் இல்லை. நானா படியில் நின்று நின்று மூச்சு வாங்கினார். சுனில் பாஸ் காலையிலேயே பைப்பைப் பூட்டிவிட்டு, பலகாரத் தட்டோடு ஒரு மூலையில் நல்ல சந்தோஷமாக இருந்தார். குசினியில், புதுச் சிங்குக்குள், உயரப் பைப்பின் கீழே, அந்தப் பழைய பானை நேராக நின்றது. பூசைக்குப் புதுப் பானை வாங்கியும், அக்கா அதைத்தான் எல்லோருக்கும் காட்டினார்.

குகன் அண்ணனிடம் மட்டும் ஒரு குறை தெரிந்தது. வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டும்போது குசினி வாசலில் நின்றுவிடுவார், உள்ளே போகமாட்டார். சுடுதண்ணி மட்டும்தான் செய்துகுடுக்க முடியாமல் போச்சு என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் கோப்பைகள் சிங்கடியில் குவிந்தன. அழுக்குக் கோப்பைக் குவியலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்த மனிதரால் முடியவில்லை. தங்கை கத்தக் கத்தக் கைமடிப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். பானையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பைப்பைத் திறந்தார். கையை நீட்டினார். வழக்கம்போல வெடுக்கென்று இழுத்தார். பிறகு அப்படியே நின்றார். மெதுவாகத் திரும்பவும் நீட்டினார். “யோகா! நீ கீசர் பூட்டினியோ?” என்று சத்தம் போட்டார்.

கொழும்பில் மேல்மாடியில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். கூரையில் கறுப்பு டாங்கி. மத்தியானத்தில் பைப்பைத் திறந்தால் முகம்கூடக் கழுவ முடியாது, அப்படிச் சுடும். அது எங்களுக்குத் தொல்லை. வெயில் தாழட்டும் என்று காத்திருந்து குளிக்கிற ஆட்கள் நாங்கள். அதனால்தான் சுடுதண்ணீர் வேண்டும் என்று அந்த மனிதர் கடல் கடந்து வந்து மன்றாடியபோது, லைன் ஒன்றுதான் என்று விளக்கம் சொன்ன எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை, சுனில் பாஸுக்கும் வரவில்லை, இவ்வளவு காலம் வெள்ளவத்தையில் சமைத்த யோகா அக்காவுக்கும் வரவில்லை. குகன் அண்ணனோ விடியற்காலையில் லொட்ஜில் குளித்துவிட்டு வருகிறவர். “மேல டாங்கி இருக்கு அண்ணா. வெயில்தான் காய்ச்சுது” என்று அக்கா சொன்னார்.

அவர் கோப்பைகளைக் கழுவவில்லை. இரண்டு கைகளையும் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரும் பைப்பை மூடச் சொல்லவில்லை. நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குகன் அண்ணன் யாரையும் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தே சொன்னார்: “மறந்தே போனன், யோகா. இஞ்ச தண்ணி தானாச் சுடும் எண்டதை நான் மறந்தே போனன்.”

கனடாவிலிருந்து வந்த அந்தக் கறுப்பு மிக்ஸரை, அண்ணா அனுப்பியது என்று யோகா அக்கா முன்னறைக் கண்ணாடி அலுமாரிமேல் பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். ஆக, நான் விற்காத தண்ணீர் வராத பைப் ஒன்று இப்போது பாமன்கடையிலும் இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் அதற்குக் கீழேயும் ஒருமுறை கையை நீட்டிவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.